ஆடு அளவு சொன்ன தோணி

காலை நீட்டிப் படு பிலோ. எம்மேல கால் போடாத, எனக்கு இடுப்பு ஏற்கெனவே வலிக்கி. தலகாணியில அத்தைக்கும் கொஞ்சம் இடம் விடு. கதை வேணும்னா ம் கொட்டணும், தெரியுமில்ல? ம் நின்னுட்டுன்னா நீ தூங்கிட்டன்னு நான் பாட்டுக்கு எந்திச்சுப் போயிருவேன். நடுவுல ஏன் எதுக்குன்னு குடையக் கூடாது. இது கொஞ்சம் குழப்பமான கதை. சொல்லுதப்போ எனக்கே குழம்பும்.

ஒரு ஊர்ல ஒரு புருசனும் பொண்டாட்டியும் இருந்தாங்க. கடற்கரை ஊரு. அவன் பேரு கித்தேரியான், அவ பேரு மிக்கேலம்மா. அவன் கடலுக்குப் போவான். அவ வலை பின்னுவா, தோணிக்குப் பாய் தைப்பா, கருவாடு காயப் போடுவா. ரெண்டு பேருமே நல்லவங்கதான். ஆனா ஒரு வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

ம்.

எதுக்குச் சண்டைன்னுதான கேக்க வாற? எனக்குத் தெரியாது. அதுகளுக்கே தெரியாது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போன இடத்துல இவன் என்னமோ சொல்ல, அவ மூஞ்சியத் திருப்ப, இவன் துண்டை உதறித் தோள்ல போட, அவ்வளவுதான். காலையில எந்திச்சுப் பாத்தா எதுக்குன்னு மறந்து போச்சு, கோவம் மட்டும் அப்பிடியே இருக்கு. மொதல்ல அந்த மனுசன் பேசட்டும்னு அவ இருக்கா. மொதல்ல அவ பேசட்டும்னு அவன் இருக்கான். இப்பிடியே ஒரு வருசம் ஓடிப் போச்சு. வீம்பு பிடிச்ச சனங்க.

அப்போ வீட்டுக் காரியம் எப்பிடி நடக்கும்? அவங்க வீட்ல ஒரு வெள்ளாடு உண்டு. எல்லாம் அந்த ஆடு வழியாத்தான். அவ ஆட்டைப் பாத்துச் சொல்லுவா, "சோறு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு." ஆடு மே-ங்கும். அவன் ஆட்டைப் பாத்துச் சொல்லுவான், "கொழம்புல உப்புக் கூடிட்டுன்னு சொல்லு." ஆடு மறுபடி மே-ங்கும். பாவம், அந்த ஆட்டுக்கு ஒரு நாளு நிம்மதி கிடையாது.

ம். அத்தை, ஆடு பேசுமா?

பேசாது. அதான சொன்னேன், மே-ங்கும். ம் மட்டும் கொட்டு.

அப்புறம் என்னாச்சுன்னா, அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஊருக்கு முன்னால ஒரு கழி கெடக்கு. கழின்னா கடல் தண்ணி உள்ள வந்து தேங்கி நிக்கும்லா, அது. அந்தக் கரையில மாதா கோயிலு, இந்தக் கரையில ஊரு. வருசா வருசம் திருநாளுக்கு முன்னால சீட்டுக் குலுக்கி ஒரு வீட்டை எடுப்பாங்க. அந்த வீட்டுப் புருசனும் பொண்டாட்டியும் சேந்து ஒரு சின்னத் தோணி கட்டணும். சின்னதுன்னா காயிதக் கப்பல்னு நினைச்சுக்கிடாத. பெரிய பாய்த்தோணியில என்னென்ன உண்டோ அத்தனையும் இருக்கணும், எல்லாத்துலயும் பத்துல ஒரு பங்கு. நீளம் எப்பிடியும் ஒண்ணரை ஆள் இருக்கும். நாலு பேரு தூக்குனாத்தான் நகரும். வலது பக்கம் பூராவும் புருசன் கட்டணும், இடது பக்கம் பூராவும் பொண்டாட்டி கட்டணும். டேப்பு வச்சு அளக்கக் கூடாது, கையால சாண் போட்டுத்தான் அளக்கணும். திருநாள் அன்னைக்கு அதுல ஒரு விளக்கை ஏத்தி, பாய விரிச்சு விட்டுருவாங்க. ஆளில்லாம அதுவாப் போயி அந்தக் கரைய முட்டணும்.

முட்டலன்னா?

அதத்தான் சொல்ல வாறேன். முட்டாம இந்தக் கரைக்கே திரும்பி வந்துட்டுன்னா, அந்தப் புருசனையும் பொண்டாட்டியையும் கடலு ஒத்துக்கிடலன்னு அர்த்தமாம். அவ ஒரு வருசம் அவ அம்மா வீட்ல போய் இருக்கணும். இவன் தனியாப் பொங்கித் திங்கணும். கிறுக்குப் பிடிச்ச வழக்கம். நான் சொல்லல தாயி, அந்த ஊரு அப்பிடி.

அந்த வருசம் சீட்டு யாருக்கு விழுந்துச்சுன்னு நினைக்க? கித்தேரியான் வீட்டுக்கு விழுந்துச்சு. கோயில் காரியமெல்லாம் பாக்குற உபதேசியார் சீட்டைப் பிரிச்சுப் பேரை வாசிச்சாரு. ஆளாளுக்கு மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்லா, இதுக ரெண்டும் பேசாதுன்னு.

பேசாட்டியும் பரவால்ல, அந்த மனுசன் இருமுறது காதுல விழுந்தாத்தான் மிக்கேலம்மாவுக்குத் தூக்கமே வரும். ஒரு வருசம் எப்பிடிப் பிரிஞ்சு இருக்க? ஆனா அவரு இதுதான் சாக்குன்னு சந்தோசப்படுவாருன்னு நினைச்சா. அவனுக்கும் அதே பயந்தான். அவ போயிட்டா இந்த வீட்டுக்குள்ள எப்பிடிக் காலு வைக்கன்னுதான் அவன் கவலை. ஆனா அவ எப்பம்டா அம்மா வீட்டுக்குப் போவோம்னு காத்துக்கிட்டு இருக்கான்னு அவன் நினைச்சான். ரெண்டு பேரு நினைப்பும் தப்பு. யாரு போய்ச் சொல்ல? ஆடா சொல்லும்?

ம்.

அப்புறம் தோணி கட்ட ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கு முன்னால முத்தத்துல ஏராக்கட்டைய நிறுத்துனாங்க. ஏரான்னா தோணிக்கு முதுகெலும்பு. அதுல ரெண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி வங்குக்கட்டை வளைஞ்சு வரும், அதுக்கு மேல பலகை அடிக்கணும். வலது பக்கம் அவன், இடது பக்கம் அவ. வேலை செய்யுதப்போ மூஞ்சிய மூஞ்சி பாக்கணுமேன்னு அவன் ஒரு பழைய பாயை நடுவுல திரை மாதிரி கட்டித் தொங்க விட்டுட்டான். அந்தப் பக்கம் டக் டக் டக். இந்தப் பக்கம் சர்ர் சர்ர். நடுவுல ஆடு.

அவன் கேட்டான், "ஏ ஆடே, தோணி வயித்துல வங்கு எத்தனை சாண் வெளிய வரணும்னு கேளு."

அவ யோசிச்சா. யோசிச்சுட்டு, "ரெண்டு சாண்னு சொல்லு" அப்பிடின்னா.

மே.

அவன் கையை விரிச்சு ஒண்ணு, ரெண்டுன்னு போட்டு அறுத்தான். அவளும் கையை விரிச்சு ஒண்ணு, ரெண்டுன்னு போட்டு அறுத்தா. அப்பிடியே வாலுக்கு ஒரு சாண், மூக்குக்கு அரைச் சாண்னு எல்லா அளவையும் ஆடு வழியாக் கேட்டுக் கேட்டு வச்சாங்க. ஒரு அளவு மாறல. பலகைச் சந்துல பஞ்சு திணிச்சு, குங்கிலியப் பிசினைக் காய்ச்சி ஊத்தி, மேல மீன் எண்ணெய் பூசி, பாய்மரம் நட்டு, பாய் தைச்சு, சுக்கான் மாட்டி, தோணி அப்பிடியே ராசா மாதிரி நிக்கி. ஊரே வந்து பாத்து, பேசாமலே இப்பிடிக் கட்டிட்டாங்களேன்னு மூக்குல விரல வச்சுச்சு.

உபதேசியார் கொஞ்சம் நல்ல மனுசன். திருநாளுக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழமை வெள்ளோட்டம் விட்டுப் பாத்துக்கோங்க, அதெல்லாம் கணக்குல வராது, திருநாள் அன்னைக்குப் போறதுதான் கணக்குன்னுட்டாரு.

முதல் ஞாயிறு. தோணியைத் தூக்கிட்டுப் போயித் தண்ணில விட்டாங்க. பாயில காத்து பிடிச்சுச்சு, படபடபடன்னு. தோணி கிளம்பிட்டு. ஜோராப் போகுது, போகுது, போகுது... அப்புறம் மெதுவா எடது பக்கமாத் திரும்புது. இன்னும் திரும்புது. ஒரு வட்டம் போட்டு, கிளம்புன இடத்துக்கே வந்து நின்னுட்டு.

ம்.

எல்லாருக்கும் குழப்பம். காத்து சரியில்லன்னான் ஒருத்தன். பாய் ஒரு பக்கம் இழுக்குன்னா ஒருத்தி. பாய் தைச்சது மிக்கேலம்மாதான? அவளுக்கு ரோசம் வந்துட்டு. பாயைப் பூராப் பிரிச்சு, நூலெல்லாம் உருவி, மறுபடி ஆறு நாளு உக்காந்து தைச்சா. தைக்கத் தைக்க அவளுக்கு ஒரு சந்தேகம். ஒருவேளை அந்த மனுசந்தான் என்னை அனுப்பி வைக்கணும்னு அவரு பக்கத்துல ஏதாச்சும் கோணலாச் செஞ்சு வச்சிருக்காரோ? அங்க அவனுக்கும் அதே சந்தேகம். அவதான் போகணும்னு அவ பக்கத்துல கோணலாச் செஞ்சிருக்காளோ?

ரெண்டாவது ஞாயிறு வருது. அதுக்கு முன்னால, ஆளு பாக்காதப்போ அவன் நைசாப் போயி அவன் பக்கத்துல ரெண்டு கல்லைப் போட்டான், தோணி எடது பக்கம் திரும்புதே, வலது பக்கம் பாரம் வச்சா நேராப் போயிரும்னு. அவ என்ன செஞ்சா? அவளும் நைசாப் போயி அவ பக்கத்துல ரெண்டு கல்லைப் போட்டா. அவ நினைச்சது என்னன்னா, எடது பக்கம்... இரு, எடது பக்கமா, வலது பக்கமா... எனக்கே குழம்பிட்டு பாத்தியா. என்னமோ நினைச்சுப் போட்டா. மொத்தம் நாலு கல்லு. தோணி பாதி முங்கிக்கிட்டு, கர்ப்பிணி மாதிரி அசைஞ்சு அசைஞ்சு போயி, மறுபடி அதே வட்டத்தைப் போட்டு, தொப்புனு கரைக்கு வந்து நின்னுட்டு. பொம்பளைங்க எல்லாம் வாயைப் பொத்திச் சிரிச்சாங்க. கல்லைக் கண்டதும் இவன் அவளை முறைக்கான், அவ இவனை முறைக்கா.

அப்புறம் ஊர்ல ஆளாளுக்கு ஒரு யோசனை. பாய்மரத்தைச் சாய்ச்சு நடணும்ங்கான் ஒருத்தன். கண்ணு பட்டிருக்கு, மிளகா சுத்திப் போடுங்கா ஒரு கிழவி. இன்னொருத்தன் வந்து, எல்லாமே சரியாத்தான் இருக்கு, கழிதான் கோணலா இருக்குன்னான். கித்தேரியான் எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு மண்டை காஞ்சு போனான். கடைசியில கல்லையெல்லாம் எடுத்து வீசிட்டு, சுக்கானைத் திருப்பி வச்சுக் கட்டிட்டான்.

மூணாவது ஞாயிறு. தோணி கிளம்புச்சு. காத்து மெதுவா அடிக்கிதப்போ வலது பக்கம் போச்சு. காத்து கூடுனதும் எடது பக்கம் போச்சு. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், குடிச்சவன் நடக்கிற மாதிரி. பாதி வழி போயி, என்ன நினைச்சுச்சோ, முழுசாத் திரும்பி வந்து கித்தேரியான் காலையே முட்டி நின்னுச்சு. யாரும் சிரிக்கல. திருநாளுக்கு இன்னும் ஏழு நாளுதான் இருக்கு.

ம்...

தூங்கிட்டியா பிலோ? இல்லையா? சரி.

வீட்டுக்கு வந்தாங்க. தோணியை முத்தத்துல இறக்கி வச்சாங்க. மிக்கேலம்மா நேரா உள்ள போயிப் பரண் மேல இருந்த தகரப் பெட்டிய இறக்குனா. சேலையெல்லாம் ஒண்ணொண்ணா மடிச்சு அதுக்குள்ள வைக்கா. வைக்கயில கண்ணுல தண்ணி தன்னால வழியுது. அவளுக்கு அவ்வளவு வருத்தம். ஆனா மொகத்தை அந்தப் பக்கமாத் திருப்பிக்கிட்டு இருந்தா. அதனால வாசல்ல நின்ன கித்தேரியானுக்கு அவ முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. இவ்வளவு சீக்கிரமாப் பெட்டி கட்டுதாளேன்னு அவனுக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு.

அதைப் பாத்துக்கிட்டு நிக்க அவனால முடியல. முத்தத்துக்கு வந்து, தோணிக்கு முன்னால, அது மூக்குக்கு நேரா, தரையில பொத்துனு உக்காந்துட்டான். தோணியை எல்லாரும் பக்கவாட்டுல நின்னுதான பாப்பாங்க? மூக்கோட மூக்கு வச்சு யாரு பாப்பா? அவனும் பாக்கணும்னு உக்காரல, எங்க போகன்னு தெரியாம உக்காந்தான். ஆனா உக்காந்தவன் நிமிந்து பாத்தா, தோணிக்கு ஒரு கன்னம் உப்பலா இருக்கு, ஒரு கன்னம் ஒட்டிப் போயி இருக்கு. கண்ணைக் கசக்கிட்டு மறுபடி பாத்தான். ஆமா. வலது பக்கம் வயிறு பெருசு, எடது பக்கம் வயிறு சிறுசு.

அப்போ அவனுக்கு வந்துது பாரு கோவம். அவ வேணும்னேதான் செஞ்சிருக்கான்னு முடிவு கட்டிட்டான். ஆட்டைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, "எடது பக்கம் எத்தனை சாண் வச்சான்னு கேளு"ன்னு கத்துனான்.

அவ வெளிய வந்தா. ஆட்டைப் பாத்து, "ரெண்டு சாண். வேணும்னா வந்து பாக்கச் சொல்லு"ன்னா. சொல்லிட்டு, அவ பக்கத்து வங்குல கையை விரிச்சு வச்சுக் காட்டுனா. ஒண்ணு, ரெண்டு. சரியா ரெண்டு சாண். ஒரு நூல் கூடல, குறையல. அவன் வலது பக்கம் போயி அவன் கையை விரிச்சு வச்சான். ஒண்ணு, ரெண்டு. அதுவும் சரியா ரெண்டு சாண்.

ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியல. ரெண்டு சாணும் ரெண்டு சாணுதான? அப்புறம் எப்பிடி ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு? அவ இந்தப் பக்கம் நிக்கா, அவன் அந்தப் பக்கம் நிக்கான். ஆடு நடுவுல நின்னு ஒருவாட்டி அவனைப் பாக்குது, ஒருவாட்டி அவளைப் பாக்குது. அதுகிட்ட இதைக் கேட்டு என்ன செய்ய?

உனக்குப் புரிஞ்சிட்டா பிலோ? புரிஞ்சாலும் சொல்லாத. அவன் கண்டுபிடிக்கட்டும்.

கித்தேரியான் ரொம்ப நேரம் அவன் கையையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் தோணியைச் சுத்திக்கிட்டு அவ பக்கம் வந்தான். ஆட்டைப் பாக்கல. அவளைப் பாத்தான். தொண்டையைக் கனைச்சான். ஒரு வருசத்துக்கு அப்புறம் முதல் பேச்சு வந்துச்சு.

"கையைக் காட்டு."

அவ காட்டுனா. அவன் உள்ளங்கையை அவ உள்ளங்கை மேல ஒட்டி வச்சான். அவ விரல் நுனி எங்க வருது தெரியுமா? அவன் விரலோட மேல் கணு இருக்குல்ல, அதுவரைக்குந்தான் வருது. அதுக்கு மேல அவன் விரல் நீட்டிக்கிட்டு நிக்கி. மத்த வீட்ல எல்லாம் புருசன் அளப்பான், பொண்டாட்டி கோடு போடுவா, இல்ல அவ அளப்பா, இவன் கோடு போடுவான். ஒரே கைதான் ரெண்டு பக்கத்தையும் அளக்கும். அதை யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. பேசிக்கிட்டே வேலை செஞ்சா அது தானா நடந்துரும். இதுக எண்ணிக்கைய மட்டும் ஆடு வழியா அனுப்புச்சுக. கையை எப்பிடி அனுப்ப முடியும்?

அவன் சொன்னான், "உன் கை இவ்வளவு சின்னதா?"

அவ சொன்னா, "கல்யாணத்தன்னைக்கு இருந்தே இவ்வளவுதான்."

அவ்வளவுதான் சொன்னா. அவனுக்கு அழுகை வந்துட்டு. இருவது வருசமா இந்தக் கையால சோறு வாங்கித் தின்னிருக்கோம், இது இத்துணூண்டுன்னு நமக்குத் தெரியாமப் போச்சேன்னு. கையை எடுக்காமலே கேட்டான், பெட்டி கட்டுதியே, அம்மா வீட்டுக்குப் போக அவ்வளவு ஆசையான்னு. ஆசையா, உங்களுக்குத்தான ஆசைன்னு அவ கேட்டா. எனக்கா, நீ போயிட்டா நான் செத்தே போவேன்னு அவன் சொன்னான். கூசாமச் சொன்னான், முத்தத்துல நின்னு, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாக்கப் பாக்க. மிக்கேலம்மா முந்தானையால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு உள்ள போயி, பெட்டியில இருந்த சேலையெல்லாம் எடுத்துக் கொடியில போட்டா.

ம்...

அப்புறம் இன்னொரு குழப்பம். யாரு கையால அளக்க? உங்க கையாலன்னு அவ சொல்லுதா. உன் கையாலன்னு அவன் சொல்லுதான். அங்கேயே அரை மணி நேரம் அது ஒரு சண்டை. கடைசியில அவன் சொன்னான், "மரத்தை வெட்டிக் குறைக்கலாம், நீட்ட முடியுமா? உன் கைதான்." அது சரிதான்னு அவளும் ஒத்துக்கிட்டா. நடுவுல தொங்குன பாயை அவுத்து உதறிப் போட்டாங்க. அவ கையை விரிச்சு வச்சு அளந்து கோடு போடுதா, அவன் வலது பக்கத்துப் பலகையெல்லாம் பிரிச்சு, வங்கை அவ சாணுக்கு அறுக்கான், திருப்பிக் கட்டுன சுக்கானையும் நேராக்கி மாட்டுதான். சர்ர் சர்ர், டக் டக், சர்ர் சர்ர், டக் டக். ஏழு நாளும் அந்த முத்தத்துல பேச்சுச் சத்தமும் சுத்தியல் சத்தமும் மாறி மாறிக் கேட்டுச்சு. எது பேச்சு, எது சுத்தியல்னே பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியல.

திருநாள் வந்துட்டு. காலையில பூசை முடிஞ்சு ஊரே கழிக்கரையில கூடி நிக்கி. உபதேசியார் தோணிக்குள்ள விளக்கை ஏத்தி வச்சாரு. நாலு பேரு தூக்கித் தண்ணில விட்டாங்க. இதுதான் கணக்கு. இனி மறு வெள்ளோட்டம் கிடையாது. பாயில காத்து பிடிச்சுச்சு, படபடபடன்னு. தோணி நகருது.

ஊரு பூரா மூச்சு விடாமப் பாக்குது. இப்பம் திரும்பும், இப்பம் திரும்பும்னு எல்லாரும் கழுத்தை எடது பக்கமாச் சாய்ச்சுக்கிட்டு நிக்காங்க. தோணி திரும்பல. பாதிக் கழி போச்சு. திரும்பல. முக்காக் கழி போச்சு. அப்போ காத்து சட்டுனு நின்னு பாய் தொய்ஞ்சு போச்சு. அப்புறம் காத்து திரும்ப வந்துச்சு. தோணி நூல் பிடிச்ச மாதிரி நேராப் போயி, அந்தக் கரை மணல்ல, மாதா கோயில் படிக்கு முன்னால, கிர்ர்னு மூக்கைக் குத்தி நின்னுட்டு. விளக்கு அணையவே இல்ல.

ஊரு சத்தம் போட்டுச்சு பாரு, அம்மாடி. கோயில் மணி அடிக்காங்க, வெடி போடுதாங்க, டமார் டமார்னு. உபதேசியார் அந்தப் புருசன் பொண்டாட்டி எங்கன்னு தேடுதாரு. ஆளைக் காணோம். கூட்டத்தை விலக்கிட்டுப் போயிப் பாத்தா, கரையில கவுத்துப் போட்ட ஒரு வள்ளத்துக்குப் பின்னால ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டு இருக்காங்க. ஒரு வருசப் பேச்சு பாக்கி கெடக்குல்லா? தோணி பாதி வழி போனதுல இருந்து அவங்க அதைப் பாக்கவே இல்ல. அவன் அவ கையைப் பிடிச்சு மடியில வச்சுக்கிட்டு என்னமோ கேக்கான், அவ என்னமோ சொல்லுதா.

உபதேசியாரைக் கண்டதும் மிக்கேலம்மா நிமிந்து பாத்துக் கேட்டா, "என்னய்யா, அங்க என்ன சத்தம்?"

அம்புட்டுத்தான். பிலோ? ஏட்டி? ம் நின்னுட்டே.

சரி, கதை கரை ஏறிட்டு, நீயும் கண்ணை மூடியாச்சு. நல்லாத் தூங்கு.